மந்திரவாதியைத் தேடும் பள்ளிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிதோறும் உளவியலாளர் ஒருவரை நியமித்துவிட்டால் பிள்ளைகளின் மனச்சஞ்சலங்கள் தீர்ந்துவிடும் என்ற தொனியில் சென்ற இதழில் வெளியான கட்டுரையைச் சிரத்தையுடன் வாசித்தேன். நோக்கம் உத்தமமானதே, ஆயினும் இத்தகைய மந்திர எதிர்பார்ப்பைக் களைவது எப்படி என்பதையே பொருளாகக் கொண்டு, குடும்பத்தை ஓர் அமைப்பாகக் கருதிச் சிகிச்சை செய்த மிலான் நகரத்து மாரா செல்வினி பலாத்சோலி, 1976-லேயே தம் சகாக்களுடன் ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார். வகுப்பில் ஓயாது கலகம் செய்யும் சிறுவனைத் தனியறையில் உட்கார்த்திவைத்து எத்தனை உபதேசித்தாலும், வீட்டில் தாய் தந்தையரின் மௌன யுத்தமும் பள்ளியில் தலைமையாசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் உள்ள மனஸ்தாபமும் அப்படியே நீடிக்கும்போது, குற்றம் முழுவதும் அவன் தலையில் விடிவதைத் தவிர வேறு பிரயோஜனம் விளையாது. உளவியலாளரோ தலைமையாசிரியரின் கீழ் ஊதியம் பெறுபவர். அவரும் அந்த அமைப்பின் ஓர் அங்கமே அல்லவா?

விபத்தோ மரணமோ நேரும் நெருக்கடி வேளை வேறு. 1942-இல் பாஸ்டன் நகரத்துக் கோகனட் குரோவ் கேளிக்கை விடுதியில் 492 பேரைப் பலிகொண்ட தீயில் தப்பியோரையும் உற்றாரை இழந்தோரையும் ஆராய்ந்து, மனநல மருத்துவர் எரிக் லிண்டமன் 1944-இல் எழுதிய கட்டுரை, துக்கத்தின் இயல்பான போக்கை உணர்த்தியது. ஆகவே, மாணவன் ஒருவன் மறைந்த மறுநாள் வகுப்பு முழுவதையும் கூட்டிக் கட்டாயமாகப் பேசவைப்பதைவிட, உண்மையை ஒளிக்காமல் அறிவித்து, அன்றாட ஒழுங்கைக் கூடியவரை காத்து, மிகவும் கலங்கியோரை இனங்கண்டு பெற்றோருடன் இணைப்பதே உசிதம். இதற்கான பயிற்சி ஆசிரியர்களுக்கும் அளிக்கப்பட வேண்டும் என்பதைத் தங்கள் கட்டுரையாளர் ஏனோ குறிப்பிடவில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்