கிடங்கின் திறவுகோல்

நெல்லை விளைவிக்க ஒரு பருவம் போதும். அதனைக் காப்பதற்கோ அடுத்த அறுவடை வரையிலான காலம் முழுவதும் வேண்டும். இதனை நன்குணர்ந்த நம் முன்னோர், வீட்டின் அமைப்பிலேயே சேமிப்புக்கு இடம் வகுத்தனர். மண்ணாலான குதிர், பலகையாலான பத்தாயம், விதைநெல்லுக்கென வைக்கோற்புரி சுற்றிய கோட்டை எனப் பொருளுக்கேற்ற கலம் இருந்தது. பூச்சியைத் தடுக்க வேப்பிலையும் நொச்சியிலையும் இருந்தன. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலச் செங்கல் நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது.

இன்றைய உழவர் வீடுகளில் குதிரும் இல்லை, பத்தாயமும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்லணைக் கால்வாயின் கடைமடையான அறந்தாங்கிப் பகுதியை எண்ணிப் பாருங்கள். அறுவடை எந்திரம் ஒரே பகலில் வயலை முடித்துவிடுகிறது. ஈரம் உலராத நெல் நேரே கொள்முதல் நிலையத்திற்குச் செல்கிறது. அங்கு ஈரப்பதம் 17 விழுக்காட்டிற்கு மேல் இருத்தலாகாது என்பது பொதுவான வரையறை. நெடுநாள் சேமிப்பதற்கோ 14 விழுக்காட்டளவே ஏற்றது. இடையில் தை மாதத்து மழையொன்று பெய்துவிட்டால், தார்ப்பாய்க்கு அடியில் முளைவிடுவது நெல் மட்டுமன்று, கடனுந்தான்.

சேமிப்புக் கிடங்கு என்றவுடன் நான்கு சுவரும் கூரையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அதன் உண்மையான பயன் வேறு. அறுவடைக் காலத்தில் விலை வீழ்வதை அறிந்தும் உழவர் விற்பது, வைக்க இடமில்லாமையால் மட்டுமன்று. வட்டி கட்ட உடனே பணம் வேண்டியிருப்பதாலும் ஆகும். தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனம் 1958ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. 2007ஆம் ஆண்டின் சேமிப்புக் கிடங்குச் சட்டம் கிடங்கு இரசீதைக் கைமாற்றத்தக்க ஆவணமாக்கியது. 2017 முதல் அது மின்னணு வடிவமும் பெற்றது. பொருளை விற்காமலே இரசீதை ஈடாக வைத்து வங்கியில் கடன் பெறலாம்; விலை ஏறியபின் விற்கலாம். எனினும், இவ்வசதி குறித்துச் சிற்றூர்களில் போதிய அளவு எடுத்துரைக்கப்படவில்லை என்பதே என் கருத்து.

நெல் காத்திருக்கும், மல்லிகை காத்திராது. கீரமங்கலம் வட்டாரத்தில் விடியலில் பறிக்கும் மொட்டு மாலைக்குள் மலர்ந்துவிடும். வரத்து மிகும் நாளில் பறிகூலிக்கும் கட்டாத விலை கிடைக்கிறது. பலாவும் வாழையும் இதே நிலையினவே. 2018 நவம்பரில் கஜா புயல் இம்மாவட்டத்தின் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. மீண்டும் நட்டு வளர்த்த மரத்தின் கனி, சந்தையில் அழுகிப்போவதைக் காண யாருக்கு மனம் வரும்?

குளிர்பதனக் கிடங்கு ஒன்று கட்டிவிட்டால் இவையெல்லாம் தீர்ந்துவிடும் என்பாரும் உளர். அவ்வளவு எளிதன்று. வாழைக்காய் 13 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் தோல் கறுத்துவிடும். மீனுக்கோ உறைநிலையை ஒட்டிய குளிர் வேண்டும். கோட்டைப்பட்டினத்துப் படகுகள் பனிக்கட்டியுடன் கடலுக்குச் செல்வது அதனாலேயே. ஆகவே, தனித்தனி வெப்பநிலையில் இயங்கும் அறைகளும், தரம் பிரிக்கும் கூடமும், பலாச்சுளையைக் கூழாக்கும் சிறு ஆலையும் ஓரிடத்தில் அமைதல் வேண்டும். தடுப்பூசியை 2 முதல் 8 பாகைக்குள் வைத்து, ஆலை முதல் ஆரம்பச் சுகாதார நிலையம் வரை அக்குளிர் குறையாமல் கொண்டுசேர்க்கும் திறம் நமக்கு உண்டு. அத்திறம் பூவுக்கும் கனிக்கும் வாராதது, விலையில்லாப் பொருளென அவற்றை நாம் எண்ணுவதாலோ?

கிடங்கு பெருகினால் பதுக்கலும் பெருகும் என்ற அச்சம் பொய்யன்று. இருப்புக்கு வரம்பு விதிக்க 1955ஆம் ஆண்டிலேயே இன்றியமையாப் பண்டங்கள் சட்டம் தேவைப்பட்டது. ஆயினும் குற்றம் கிடங்கினுடையதன்று. திறவுகோல் யார் கையில் உள்ளது என்பதே வினா. வணிகர் கையில் மட்டும் இருந்தால், மலிவில் வாங்கி வைத்திருந்து விற்கும் ஆதாயம் அவரையே சேரும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் அதனை நடத்துமாயின் நிலை மாறும். கட்டடத்திற்கு மானியம் தந்தால் மட்டும் போதாது. மாதந்தோறும் வரும் மின்கட்டணத்தை யார் ஏற்பது என்பதையும் முன்னரே முடிவு செய்தாக வேண்டும். நான்கு மூட்டை நிலக்கடலையுடன் வரும் சிறு உழவருக்கும் அங்கு இடமும் இரசீதும் கிடைக்க வேண்டும்.