மிதக்கும் மாளிகையும் மலிவான முதுமையும்

வட அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களைச் சேர்ந்த இளைப்பாறிய தம்பதியர் சிலர் புதியதொரு வாழ்க்கைமுறையைத் தழுவி வருகின்றனர். பனி வீழத் தொடங்கியதும் அவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் புளோரிடாவின் மயாமித் துறைமுகத்தை அடைகின்றனர்; உல்லாசக் கப்பலொன்றில் ஏறி, ஒரு பயணத்தோடு இன்னொன்றைத் தொடுத்து, இளவேனில் பிறக்கும்வரை கரிபியன் கடலிலேயே வாழ்கின்றனர். இதனைத் துணிவென்பாரும் விடுதலையென்பாரும் உளர். ஆயினும் பெரிதும் எடுத்தாளப்படும் வாதம், முதியோர் இல்லத்தினும் கப்பல் மலிவு என்பதே. இக்கட்டுரை எதிர்ப்பது அவ்வாதத்தையேயன்றி அம்முதியோரையன்று.

வாதத்திற்கு ஆதாரம் இல்லாமலில்லை. 2004ஆம் ஆண்டில் சிக்காகோவைச் சேர்ந்த மருத்துவர் இருவர், முதியோர் மருத்துவத்திற்கான அமெரிக்க ஆய்விதழொன்றில் இவ்விரண்டையும் ஒப்பிட்டனர். எண்பது வயதினர் ஒருவர் தமது எஞ்சிய காலத்தைக் கப்பலிற் கழிப்பதற்கு ஏறத்தாழ 230,000 டொலரும், உதவியுடன் கூடிய முதியோர் குடியிருப்பிற் கழிப்பதற்கு ஏறத்தாழ 228,000 டொலரும் செலவாகும் எனக் கணக்கிட்டனர். செலவு ஏறக்குறைய ஒன்றே. கப்பலிலோ மூவேளை உணவும் இசையும் மருத்துவரும் மனிதர் முகங்களும் உண்டு. உறைபனியில் வழுக்கி விழ அஞ்சி, நான்கு சுவர்களுக்குள் தனித்திருக்கும் முதியவருக்கு இது பெரும் கவர்ச்சியே. அவர் தெரிவை எள்ளி நகையாடுதல் பண்பாகாது.

எனினும் இரவும் பகலும் இயந்திரம் இயக்கி, கடல்நீரை நன்னீராக்கி, ஆயிரக்கணக்கானோருக்கு உணவு சமைக்கும் மாளிகையொன்று, கரையிலுள்ள சாதாரண விடுதியோடு விலையிற் போட்டியிட இயலுவது எங்ஙனம்? இக்கேள்வியை எழுப்பாத கணக்கு அரைக்கணக்கே.

முதலாவதாக, கப்பல் மலிவானதன்று. கரையே விலையேறிப் போயிற்று. முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்புறுதி, நீண்டகால விடுதிப் பராமரிப்புக்குப் பணம் வழங்குவதில்லை. வாழ்நாள் முழுவதும் உழைத்தவரின் அந்திமக்காலம் சந்தைக்கு விடப்பட்டுள்ளது. அவர் கடலை நாடுவது சமுதாயம் கைவிட்டதன் அறிகுறியாகவும் இருக்கலாம். அதற்கு விடுதலை என்று பெயர் சூட்டுவது நியாயமன்று.

இரண்டாவதாக, கொடியின் சூட்சுமம். கார்னிவல் நிறுவனம் 1974இல் பனாமாச் சட்டத்தின்கீழும், ரோயல் கரிபியன் 1985இல் லைபீரியச் சட்டத்தின்கீழும் அமைக்கப்பட்டன. இரண்டினதும் தலைமைப் பணிமனைகள் மயாமியில்; பயணிகளிற் பெரும்பாலோர் அமெரிக்கர்; கப்பல்களிற் பறப்பனவோ பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடிகள். வெளிநாட்டுக் கப்பல் வருமானத்திற்கு அமெரிக்கச் சட்டம் வழங்கும் வரிவிலக்கு இவற்றுக்குத் துணைநிற்கின்றது. துறைமுக நகரத்துத் தொழிற்சட்டத்தைக் கப்பலின் பணியாளர் துணைக்கழைக்க இயலாது.

மூன்றாவதாக, உழைப்பு. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளின் இளைஞர்களே அறைகளைத் துப்புரவாக்குகின்றனர், உணவு பரிமாறுகின்றனர். 2006இல் நிறைவேறி 2013இல் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் சமவாயம் வாரத்திற்கு 72 மணிநேர வேலையை உச்சவரம்பாக விதிக்கின்றது. ஆனால் கொடிநாடு அவ்வரம்புக்குப் பதிலாக 77 மணிநேர ஓய்வைக் குறைந்தபட்ச விதியாகத் தெரிந்துகொள்ளலாம். வாரத்தின் 168 மணிநேரத்தில் 77ஐக் கழித்தால் எஞ்சுவது 91. அத்தனை மணிநேர வேலையும் அப்போது சட்டபூர்வமானதே! பாதுகாக்க எழுந்த விதியே இத்துணை இடமளிக்குமாயின், மலிவின் இரகசியத்தை வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

2020இல் நோய்த்தொற்று உலகைச் சூழ்ந்தபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. பயணிகள் இறங்கி வீடேகிய பின்னரும் பல்லாயிரம் ஊழியர்கள் மாதக்கணக்காகக் கப்பல்களிலேயே அடைபட்டுக் கிடந்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் எம்.எஸ்.சி. மக்னிஃபிகா என்னும் கப்பல் கொழும்பை அண்மித்தவேளை, அதிற் பணிபுரிந்த இலங்கையர் ஒருவர் தம்மைத் தாயகத்தில் இறக்கிவிடுமாறு காணொளி மூலம் மன்றாடவேண்டியிருந்தது. அவர் இறக்கப்பட்டார். அத்தகைய வாய்ப்புக் கிட்டாதோர் எத்தனை பேர்!

இவர்களுக்குத் தொழில் கிடைக்கின்றதே, அவர்கள் அனுப்பும் பணத்தால் குடும்பங்கள் வாழ்கின்றனவே எனச் சிலர் வினவுவர். உண்மையே. ஆனால் பசித்தவன் எந்தக் கூலிக்கும் இணங்குவான் என்பது அக்கூலி நியாயமானது என்பதற்குச் சான்றாகாது. அன்றியும் இங்கு பரிமாறப்படுவது உணவு மாத்திரமன்று. அந்நிய நாட்டு முதியவரின் பெயரை நினைவிற்கொண்டு, நலம் விசாரித்து, கைத்தாங்கலாய் ஆசனத்தில் அமர்த்தும் அவ்விளைஞனுக்கும் ஊரிலே வயது முதிர்ந்த தாய்தந்தையர் உளர். அவர்களைத் தாங்கவேண்டிய கை மாதக்கணக்காகக் கடலிலே வேறொருவரைத் தாங்குகின்றது. ஒரு சமுதாயம் தன் முதியோருக்குச் செய்யத் தவறியதை, வறிய சமுதாயம் தன் முதியோரிடமிருந்து எடுத்துக் கொடுக்கின்றது. அம்மருத்துவர்களின் கணக்கில் இச்செலவுக்கு நிரலே இல்லை.

இவ்வாழ்வும் உடல்நலம் உள்ளவரைதான். கப்பலில் மருத்துவர் உண்டு. படுக்கையில் வீழ்ந்தவரை ஆண்டுக்கணக்காகப் பேணும் தாதியர் இல்லை. மெய்யான முதுமை வந்தடையும் நாளில் அத்தம்பதியரும் கரைக்கே திரும்பவேண்டும். அவர்கள் விட்டோடிய கரை அப்போதும் மாறாதிருக்கும்.

ஆகவே வேண்டுவது கப்பற் பயணத்துக்குத் தடையன்று. கரையிலே முதியோர் பராமரிப்பைச் சமுதாயத்தின் கடமையாக்குதலும், எக்கொடி பறப்பினும் உழைப்பவனுக்கு மனித வரம்புக்குட்பட்ட வேலைநேரத்தை உறுதிசெய்தலுமே வேண்டுவன. இவ்விரண்டும் நிறைவேறிய பின்னரும் கப்பல் மலிவாயிருப்பின், தம்பதியர் மகிழ்ந்து பயணிக்கட்டும். அதுவரை மலிவென்று கூறுவோரிடம் ஒன்றே கேட்போம்: மீதி விலையைச் செலுத்துபவர் யார்?