திண்ணை போனது, பேச்சும் போகலாமா?



உங்கள் தெருவில் மறதி முற்றிய பெரியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? வலங்கைமானில், ஆவூரில், ராஜகிரியில், பண்டாரவாடையில் மகன் துபாயில், பேரன் சிங்கப்பூரில் என்று எத்தனையோ குடும்பங்கள். வீடு மாளிகை. தரை மார்பிள். வாசல் கம்பிக் கதவில் பூட்டு! அத்தா வெளியே போனால் திரும்பி வர வழி தெரியாதாம். ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று பேச்சை முடித்து விடுகிறோம்.

இல்லை சகோதரர்களே, இது நோய். டிமென்ஷியா என்பார்கள். 2023இல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி, 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 7 பேருக்கு மேல் இந்நோய். தொகை 88 லட்சம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

பூட்டுதான் பாதுகாப்பு என்போருக்கு ஒரு நினைவூட்டல்: 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடித் தீயில் 28 மனநோயாளிகள் பலியானார்கள். கட்டியிருந்த சங்கிலி அவர்களை ஓட விடவில்லை. அது வேறு நோய், வேறு இடம். அடைத்து வைத்தால் போதும் என்ற புத்தி மட்டும் ஒன்றே.

முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் கூட்டாக உட்கார வைத்துப் பேச வைத்தால் பலன் உண்டு என்று 2003இலேயே இங்கிலாந்தில் மெய்ப்பித்தார்கள். ஸ்பெக்டர், ஆரெல், வுட்ஸ் ஆகியோரின் ஆய்வில் முதியோர் இல்லங்களிலும் பகல் நேர மையங்களிலும் 201 பேர் சேர்க்கப்பட்டனர். வாரம் 2 முறை, முக்கால் மணி நேரம், 7 வாரம். அவ்வளவே! மறதிக்கான மாத்திரைகளின் ஆய்வுகளில் கண்ட பலனுக்கு ஈடான முன்னேற்றம் தெரிந்தது. வெள்ளைக்காரன் வித்தை நமக்கெதற்கு என்று தள்ளி விடாதீர்கள். சென்னை ‘ஸ்கார்ஃப்’ நிறுவனம் இதை நம் மக்களுக்கேற்ப மாற்றி முயன்று பார்த்து, 2017இல் ஆய்வாகவே வெளியிட்டது.

இதில் முதல் விதி, பரீட்சை வைக்கக் கூடாது. விடுமுறையில் வந்து இறங்கியதும் நாம் என்ன செய்கிறோம்? ‘அத்தா, நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்!’ சுற்றி நின்று சிரிக்கிறோம். பாவம், அவர் மருமகள் முன்னால், பேரப்பிள்ளைகள் முன்னால் தோற்றுப் போகிறார். மறுநாள் வாயே திறப்பதில்லை. இந்த முறையில் விவரம் கேட்பதில்லை, அபிப்பிராயம் கேட்கிறார்கள். ‘இன்றைக்கு என்ன தேதி?’ அல்ல, ‘அந்தக் காலத்துச் சாப்பாடு நல்லதா, இந்தக் காலத்ததா?’ இதற்குத் தவறான பதிலே கிடையாது!

ஆறேழு பேர் வட்டமாக அமர்வார்கள். ஒரு நாள் சாப்பாடு, ஒரு நாள் சிறு பிராயம், ஒரு நாள் பந்து விளையாட்டு, ஒரு நாள் காசு. வணிகர்களே, காசு உங்கள் துறையல்லவா? 1957க்கு முந்தைய அணாக் காசைக் கையில் கொடுங்கள். மரக்காலையும் படியையும் நடுவில் வையுங்கள். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிய கைக்கு ஒரு கவுளி வெற்றிலையைக் கொடுங்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவரிடம் கப்பல் சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள். காலையில் என்ன உண்டோம் என்பதை மறந்தவர் அதைச் சொல்லக் கூடும்.

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு கோளாறு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. இந்த அமர்வு ஆரம்ப, நடுத்தர நிலையில் உள்ளோருக்கே. நோய் முற்றியவருக்குப் பராமரிப்பே தேவை.

அரசு செய்யாதா என்பீர்கள். 2025இல் தமிழக அரசு அறிவித்த 25 ‘அன்புச்சோலை’ மையங்கள் பெரும்பாலும் மாநகராட்சிப் பகுதிகளுக்கு. வலங்கைமான் போன்ற பேரூராட்சிகளுக்கும் வேண்டும் என்று கேட்போம், உரக்கவே கேட்போம். அதுவரை?

வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த திருமண மண்டபங்கள் கல்யாணம் இல்லாத நாளில் பூட்டித்தானே கிடக்கின்றன? ஜமாஅத்தில் சாவியைக் கேளுங்கள். இரண்டு இளைஞர்கள் பயிற்சி பெற்று வாருங்கள். பெண்களுக்குத் தனி அமர்வு, பெண்களே நடத்தட்டும். நோய் அதிகம் அவர்களுக்கே என்பதால் அதையே முதலில் தொடங்கலாம். 14 அமர்வுக்கும் ஆகும் செலவு டீயும் பிஸ்கட்டும். சர்க்கரைக்காரர்களுக்குச் சீனி போடாமல்.