ரெட் ஓக் தரை: வாங்குவது மரமா, மரத்தின் படமா?

டிசம்பர், ஜனவரி காலையில் ஓசூரில் கிரானைட் தரையில் வெறுங்காலை வைத்தவர்களிடம், மரத்தரை ஆசை ஏன் வருகிறது என்று விளக்கத் தேவையில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். கிரானைட்டோ நம் மாவட்டத்துச் சரக்கு, வீட்டுக்கு வீடு கிடக்கிறது. மூட்டு வலி உள்ள அம்மாவின் அறையிலாவது, தவழும் குழந்தையின் அறையிலாவது மரம் போடலாமே என்று புது வீடு கட்டுகிறவர்கள் நினைப்பதில் தப்பில்லை. உடனே அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு ஷோரூமுக்கு வண்டியை விடுகிறோம். அங்கே ஒரு சாம்பிள் பலகையை நீட்டி, "இது ரெட் ஓக் சார், அமெரிக்க மரம்" என்கிறார்கள். இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு, அழகான ரேகை. மனசு விழுந்துவிடுகிறது.

கொஞ்சம் பொறுங்கள். ஷோரூமில் 'ரெட் ஓக்' என்பது பல நேரம் மரத்தின் பெயர் இல்லை, டிசைனின் பெயர். புடவைக்கடையில் 'மயில் கழுத்து' என்றால் மயிலா வருகிறது? அந்த மாதிரிதான்.

மரத்தரை என்ற பெயரில் நான்கு வேறு வேறு பொருள் விற்கிறது. முழுப் பலகை, அதாவது மேலிருந்து கீழ்வரை ஒரே மரம், பெரும்பாலும் முக்கால் அங்குல கனம். அடுத்தது இன்ஜினீயர்டு: அடியில் பிளைவுட் மாதிரி அடுக்குகள், மேலே மட்டும் சில மில்லிமீட்டர் அசல் ஓக். மூன்றாவது லேமினேட்: மரநாரை அழுத்திச் செய்த போர்டு, அதன்மேல் மரத்தை போட்டோ எடுத்து அச்சிட்ட தாள், அதற்கு மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு. நான்காவது வினைல், எஸ்.பி.சி. இரண்டும் பிளாஸ்டிக் வகை. நான்கிலும் 'ரெட் ஓக்' கிடைக்கும். நான்கின் விலையும் ஆயுளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கொட்டேஷனில் எச்.எஸ்.என். எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். 4409 என்றால் முழு மரப் பலகை. 4418 என்றால் பெரும்பாலும் இன்ஜினீயர்டு. 4411 என்றால் மரநார் போர்டு, அதாவது லேமினேட். 3918 என்றால் பிளாஸ்டிக். வாயால் "ஒரிஜினல் வுட்" என்று சொல்கிறவர் பில்லில் 4411 என்று எழுதினால், விஷயம் புரிந்துவிடும் இல்லையா? கூடவே பலகையைத் திருப்பி, வெட்டுப்பட்ட ஓரத்தைப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை ஓரத்திலும் இறங்கினால் மரம். ஓரம் முழுக்க ஒரே சீரான பழுப்புத் தூள் மாதிரி இருந்தால் போர்டு. பத்துப் பலகையைப் பரப்பி வைக்கச் சொல்லுங்கள். ஒரே முடிச்சு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சுத்தான்.

லேமினேட் மட்டம் என்று சொல்ல வரவில்லை. வாடகைக்கு விடுகிற ஃப்ளாட்டுக்கு அதுவே போதும், வீட்டு உபயோகத்துக்கு ஏ.சி.3 அல்லது ஏ.சி.4 தரம் பார்த்து வாங்கினால் சரி. லேமினேட் விலையில் லேமினேட் வாங்குங்கள், அவ்வளவுதான்.

அசல் ரெட் ஓக் எப்படிப்பட்ட மரம்? அமெரிக்கா, கனடாவின் கிழக்குப் பகுதிகளில் ஏராளமாக வளர்வது. கடினத்தை அளக்கும் ஜான்கா கணக்கில் ரெட் ஓக் 1290, நம் தேக்கு ஏறக்குறைய 1070. ஆக, நாற்காலி கால் பட்டுக் குழி விழுவதில் தேக்கைவிட இது தாங்கும். ஆனால் தண்ணீர் விஷயத்தில் தேக்கின் பக்கத்தில்கூட நிற்காது. ரெட் ஓக்கின் துளைகள் திறந்தே இருக்கும். ஒரு சின்னத் துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து, மறுமுனையில் வாய் வைத்து ஊதினால் தண்ணீரில் குமிழி வரும்! ஸ்ட்ரா போல. அதனால்தான் மதுப் பீப்பாய் செய்ய துளை அடைபட்ட ஒயிட் ஓக்கை எடுக்கிறார்கள், ரெட் ஓக்கைத் தொடுவதில்லை. கரையானுக்கும் இது விருந்துதான். அஸ்திவாரம் போடும்போதே கரையான் தடுப்பு மருந்து அடித்த வீடா என்று உறுதி செய்துகொள்ளாமல் தரைத்தளத்தில் இதைப் போட நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு கணக்கு. காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மரம் விரியும், சுருங்கும். 5 அங்குல அகலமுள்ள சாதாரண வெட்டு ரெட் ஓக் பலகையில் ஈரப்பதம் 4 சதவீதம் ஏறினால், அகலம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கூடும். 10 அடி அறைக்கு 24 பலகை. பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட இரண்டு அங்குலம்! அந்த இரண்டு அங்குலம் போக இடம் இல்லாவிட்டால் பலகையின் ஓரங்கள் தூக்கும், நடுவில் கூடாரம் போல எழும்பும். தேக்கு இதில் பாதிதான் அசையும். மார்ச் மாதம் உதடு வெடிக்கிற வறட்சி, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை துணி காயாத ஈரம் என்று இரண்டையும் பார்க்கிற ஊர் நம்முடையது. அதனால் ஓசூரில் ரெட் ஓக்தான் வேண்டும் என்றால் என் ஓட்டு இன்ஜினீயர்டு பலகைக்கு. அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அசைவு குறைவு. மேலே இருக்கும் ஓக் அடுக்கு 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். பின்னாளில் இழைத்துப் புதிதாக பாலிஷ் போட அந்தக் கனம் வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே என்றால் இழைக்கவே முடியாது, கீறல் விழுந்தால் விழுந்ததுதான்.

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் இருப்பவர்கள்? மலைக்குக் கீழே வெயில் வேறு. அங்கே கால் குளிர்வதே சுகம், கல்லை விட்டுவிட்டு மரத்துக்குப் போக அவசியம் இல்லை என்பேன். ரெட் ஓக் என்றதும் "நம்ம பழைய ரெட் ஆக்சைடு தரையா?" என்று கேட்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர் வெயிலுக்கு அவர்கள் கேட்பதுதான் சரியான தரை.

சிப்காட் பக்கம் வாழ்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இறக்குமதி இயந்திரங்கள் வந்த பெட்டிக் கட்டைகளைப் பிரித்து, "ஓக் இருக்கு, தரைக்குப் போடலாம்" என்று யாராவது சொன்னால் கட்டையில் இருக்கும் முத்திரையைப் படியுங்கள். ஆங்கிலத்தில் எச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது. எம்.பி. என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சுப் புகை காட்டியது. அதைப் படுக்கையறைக்குக் கொண்டுவர வேண்டாம்.

பலகை வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போடுவதற்கு முன், சிமென்ட் தரை காய்ந்ததா என்று பார்க்க மீட்டர் தேடி அலைய வேண்டாம். ஒன்றரை அடி சதுரத்துக்குக் கனமான பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் ஷீட்டின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, சிமென்ட் கறுத்திருந்தாலோ ஆசாரியைத் திருப்பி அனுப்பிவிடலாம், தரை இன்னும் தயாராகவில்லை. காய்ந்திருந்தால், பலகைக் கட்டுகளை அந்த அறையிலேயே சில நாள் வைத்து ஊர்க் காற்றுக்குப் பழக விட வேண்டும். சுவரை ஒட்டி 10 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி கட்டாயம், அதை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். "இடைவெளி இல்லாமல் டைட்டாகப் போட்டுத் தருகிறேன்" என்று பெருமையாகச் சொல்லும் ஆளை நம்பாதீர்கள். பழைய டைல்ஸ் மேலேயே போடுவதாக இருந்தால் கதவின் அடியை இழைக்க வேண்டிவரும், அந்தக் கூலியையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

கிரகப்பிரவேசத்தை மறந்துவிடாதீர்கள். ஹோம குண்டத்தின் சூடு, பசுமாட்டின் குளம்பு, வாசலிலிருந்து உள்ளே வரை தண்ணீர்க் கோலம். எல்லாம் முடிந்த பிறகு மரத்தரை போடுங்கள். வேலை முடிந்துவிட்டால், பூஜை அன்று அந்த அறைக் கதவைச் சாத்தி வையுங்கள்.

இனி பராமரிப்பு. இங்கேதான் நம் வீடுகளில் சண்டை வரும். தினமும் ஒரு வாளித் தண்ணீர், ஒரு மூடி ஃபினாயில், சொட்டச் சொட்ட மாப். இதுதான் நமக்குச் சுத்தம். ரெட் ஓக்குக்கு இதைவிட மோசமான எதிரி கிடையாது. பூந்துடைப்பத்தால் பெருக்கி, ஒட்டப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் வாரம் ஒரு முறை ரேகை போகும் திசையில் துடைத்தால் போதும். துடைத்த ஈரம் ஒன்றிரண்டு நிமிடத்தில் மறைய வேண்டும், அதற்கு மேல் நின்றால் துணி அதிக ஈரம். ஃபினாயில், ப்ளீச்சிங் பவுடர், ஸ்டீம் மாப் மூன்றும் கூடாது. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு நீங்களே ஒரு முறை செய்து காட்டிவிடுங்கள். பாத்ரூம் வாசல், சமையலறை, பூஜை அறை மூன்றிலும் டைல்ஸே இருக்கட்டும். எண்ணெய் விளக்கும் மரத்தரையும் ஒத்துப்போகாது.

பீரோவின் இரும்புக் கால் விஷயம் பலருக்குத் தெரியாது. ஓக் மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. துருப்பிடித்த இரும்பும் ஈரமும் அதோடு சேர்ந்தால் மை கொட்டியது போலக் கறுப்புக் கறை பிடிக்கும், துடைத்தால் போகாது. இரும்புக் கட்டில், பீரோ, ஸ்டூல் எல்லாவற்றின் காலுக்கும் ஃபெல்ட் ஒட்டுங்கள். வாசலில் ஒரு கால்மிதி, அறை வாசலில் இன்னொன்று போடுங்கள். கிரானைட் லாரி ஓடும் சாலை ஓரத்து வீடுகளில் செருப்போடு வரும் கல்தூள், உப்புத்தாள் மாதிரி பாலிஷைத் தேய்க்கும். அறைக்குள் ரப்பர் அடிப்பாகமுள்ள மிதியடி வேண்டாம், பாலிஷ் நிறம் மாறும்.

தவறிப்போய் தண்ணீர் கொட்டிவிட்டால் உடனே துடைத்து, மின்விசிறியைப் போட்டு விடுங்கள். ஓரம் தூக்கிய பலகையை உடனே இழைக்க ஆளைக் கூப்பிடாதீர்கள். காய்ந்தால் பல நேரம் தானே படியும். ஈரமாக இருக்கும்போதே இழைத்துவிட்டால், காய்ந்த பிறகு நடுப்பகுதி மேடாக நிற்கும்.

கடைசியாக, காசு. கடை கர்நாடகத்தில், வீடு தமிழ்நாட்டில் என்பதால் பிரச்சினை வந்தால் பெங்களூருக்கு அலைய வேண்டுமோ என்று பயப்படுகிறார்கள். வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அதற்குத் தேவை பில், அதில் மரத்தின் பெயர், மேல் அடுக்கின் கனம், எச்.எஸ்.என். எண், போட்டுத் தருவது யார் பொறுப்பு என்ற ஒரு வரி. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டு வாங்குங்கள். கொடுத்த பிறகு கேட்டால் "மேனேஜர் நாளைக்கு வருவார்" என்பார்கள்.