அம்மாச்சி வாசலுக்கு ஒரு குட்டி கம்ப்யூட்டர்!



இரண்டு மாதங்களுக்கு முன் ஊரிலிருந்து அம்மா போன் செய்தார். "கேஸ் செக்கிங்னு யாரோ வந்திருக்கான் பாப்பா. நாங்க வேலைக்குப் போயிருந்த நேரம். அம்மாச்சி கதவைத் திறந்துட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்த்ததும் நழுவிட்டான்" என்றார். எதுவும் களவு போகவில்லை. ஆனால், பார்வை மங்கிப்போன அம்மாச்சிக்கு அன்றிலிருந்து பயம். கதவைத் தட்டுவது அந்தப் பக்கத்து வீட்டு அக்காவாகவே இருந்தாலும் தாழ்ப்பாளில் கை வைக்க மாட்டேன் என்கிறார்.

வாசலில் நிற்பது யார் என்று காதில் சொல்ல ஒரு கருவி இருந்தால்? கடையில் கேமராக்கள் கிடைக்கின்றன. ஆனால், வீட்டுக்கு வருபவர்களின் முகமெல்லாம் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போவதில் எனக்கு இஷ்டமில்லை. எங்கள் ஊர் இன்டர்நெட்டும் நம்பிக்கைக்கு உரியதில்லை. அப்போதுதான், டிப்ளமோ படிக்கும்போது வாங்கிய ராஸ்பெரி பை 3 ஞாபகம் வந்தது.

ராஸ்பெரி பை என்பது பிரிட்டனில் உருவான, உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டர். 2012-ல் முதலில் விற்பனைக்கு வந்தது. என்னிடம் இருப்பது 2016-ல் வந்த மாடல். நாலு கோர் பிராசஸர், ரேம் வெறும் 1 ஜிபி. இன்றைய சாதாரண மொபைலில்கூட இதைவிட அதிகம் இருக்கும்.

மாவு பாக்கெட்டா, கிரைண்டரா?

முகத்தை அடையாளம் காண ஓப்பன்சிவி என்ற இலவச லைப்ரரி இருக்கிறது. 1999-ல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கிய திட்டம் இது. என் பையில் இருந்த இயங்குதளத்தோடு கிடைத்தது 4.5.1 பதிப்பு. எனக்கு வேண்டிய முகம் அறியும் கருவி சேர்க்கப்பட்டது 4.5.4-ல். சரி, மூல நிரலை இறக்கி நாமே கம்பைல் செய்துவிடலாம் என்று குதித்தேன்.

கம்பைல் என்றால்? ரெடிமேட் இட்லி மாவு வாங்காமல் அரிசி, உளுந்து ஊறவைத்து நாமே அரைப்பது மாதிரி. மனிதர் எழுதிய நிரலை, அந்தக் கம்ப்யூட்டரின் சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் வேலை. ஆயிரக்கணக்கான ஃபைல்கள் ஒவ்வொன்றாக மாற வேண்டும்.

நாலு கோர் இருக்கிறதே என்று நாலு வேலையை ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். 80 சதவிகிதம் தாண்டியதும் திரையே உறைந்துவிட்டது. கடைசியில் ஒற்றை வார்த்தை வந்தது: 'கில்டு'. மறுபடி ஓடவிட்டேன். மறுபடி 'கில்டு'. சிப்பைத் தொட்டால் தோசைக்கல்!

மேடை சின்னது

பழைய பை, இதற்கு வக்கில்லை என்று திட்டிவிட்டு விட்டுவிட இருந்தேன். யோசித்தபோதுதான் தப்பு என்னுடையது என்று புரிந்தது. கோர் என்பது சமையல்காரர் என்றால், ரேம் என்பது சமையல் மேடை. நாலு பேரும் பெரிய பாத்திரத்தோடு நின்றால் மேடையில் இடம் ஏது? இடம் தீர்ந்தால், மொத்த சிஸ்டமும் படுத்துவிடாமல் இருக்க, இயங்குதளமே ஒருவரை வெளியே தள்ளிவிடும். அதுதான் 'கில்டு'.

அதனால், ஒரே ஒரு வேலையாக ஓடவிட்டேன். மெமரி கார்டில் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்தும் 'ஸ்வாப்' அளவை 100 எம்பியிலிருந்து 1 ஜிபிக்கு ஏற்றினேன். எனக்குத் தேவையில்லாத சோதனை, மாதிரி நிரல்களைக் கழற்றிவிட்டேன். 80 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், சிப் மேல் ஹீட் சிங்க் ஒட்டி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன்.

இரவு 9.30-க்கு ஆரம்பித்தேன். 1.30-க்குக் கரன்ட் கட்! அழுகையே வந்துவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்துக் கரன்ட் வந்ததும் அதே கட்டளையைக் கொடுத்தேன். அரைகுறையாக நின்ற ஒரு ஃபைலை மட்டும் அழிக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே முடித்ததையெல்லாம் தொடாமல், விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. காலை 6 மணிக்கு எழுந்து பார்த்தால், 100 சதவிகிதம்!

நீங்களும் முயன்றால்...

* முதலில் 'பைவீல்ஸ்' தளத்தில் பாருங்கள். பைக்காகவே கம்பைல் செய்த பைத்தான் லைப்ரரிகள் அங்கே தயாராகக் கிடைக்கும். நான் பார்க்காமல் குதித்ததற்குக் கொடுத்த விலை மூன்று இரவுகள்.
* மொபைல் சார்ஜரை மாட்டாதீர்கள். பை 3-க்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்ப் அடாப்டர் தேவை.
* வேலை முடிந்ததும் ஸ்வாப் அளவைப் பழையபடி குறையுங்கள். திரும்பத் திரும்ப எழுதினால் மெமரி கார்டு தேய்ந்துவிடும்.

இப்போது ஊர் வீட்டு வாசலில் கேமரா இருக்கிறது. வழக்கமாக வரும் ஆறு பேரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே போட்டோ எடுத்தேன். அவை அந்த வீட்டு மெமரி கார்டைத் தாண்டுவதில்லை. "பால்காரர் வந்திருக்கார் அம்மாச்சி" என்று என் குரலிலேயே பதிவு செய்திருக்கிறேன். புது முகம் என்றால், "தெரியாதவங்க, திறக்காதீங்க."

ஒரு தடவை, பக்கத்து வீட்டு அக்காவின் மகளை அக்கா என்றே சொல்லிவிட்டது. அதனால்தான் தாழ்ப்பாளை இதோடு இணைக்கவில்லை. கருவி பெயர் சொல்லும். திறப்பது அம்மாச்சியின் முடிவு.

நேற்று போனில் கேட்டேன், "சரியா சொல்லுதா அம்மாச்சி?"

"சொல்லுதுடி. இருந்தாலும் நானும் ஒருதரம் யாருன்னு கேட்டுட்டுத்தான் திறக்கேன்."

அப்படியே தொடரட்டும் அம்மாச்சி!