பக்கத்து ஊர் பாட்டுக்காரர்!



முதல்ல நான் அசடு வழிஞ்ச கதையைச் சொல்லிடறேன். போன செமஸ்டர் லீவுக்கு என் ரூம் மேட்டை எங்க பள்ளத்தூருக்குக் கூட்டிட்டுப் போனேன். டெல்லியிலேயே வளர்ந்த தமிழ்ப் பையன். தமிழ் நல்லாப் பேசுவான். ஆனா, எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு டவுன் பஸ் போர்டை 'கொ... த்... த...' என்று மெதுவாகப் படித்தவன், திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

''டேய், கொத்தமங்கலம்! சுப்புவோட ஊரா?''

''எந்த சுப்பு?''

''கொத்தமங்கலம் சுப்புடா! உங்க பக்கத்து ஊர்க்காரர்... எங்களுக்கு ப்ளஸ் டூ இங்கிலீஷ்ல பாடமே இருந்துச்சு!''

நமக்குத் தெரிந்ததெல்லாம் 'தில்லானா மோகனாம்பாள்' மட்டும்தான். அதுவும் சிவாஜி படமாக! கதை யாருதுன்னு கேட்டிருந்தா, 'டைட்டில்ல போட்டிருப்பாங்க பாஸ்'னு எஸ்கேப் ஆகியிருப்பேன். டெல்லியிலிருந்து ஒருத்தன் வந்து பக்கத்து ஊர்க்காரரைப் பற்றி எனக்கு க்ளாஸ் எடுக்க வேண்டியதாப் போச்சு!

அவன் சொன்ன பாடம், எழுத்தாளர் அசோகமித்திரன் எழுதிய 'பொயட்ஸ் அண்ட் பான்கேக்ஸ்'. சி.பி.எஸ்.இ. பசங்களுக்குத் தெரிந்திருக்கும். அசோகமித்திரன் சின்ன வயதில் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். பேப்பர்களிலிருந்து செய்திகளை வெட்டி ஃபைல் போடுகிற வேலை. அங்கே முதலாளி வாசனுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் சுப்பு. ஒரு சீன் சரியில்லை என்று தயாரிப்பாளர் முகம் சுளித்தால் போதும். வரிசையாகப் பத்துப் பதினாலு மாற்று யோசனைகளை அடுக்குவாராம் மனுஷன். சின்ன வேஷத்தில் வந்தாலும் ஹீரோவைவிட நன்றாக நடித்துவிடுவாராம். வீடு முழுக்கச் சொந்தக்காரக் கூட்டமாம்.

இதெல்லாம் ஜாலி மேட்டர். அந்தப் பாடத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நாட்டுப்புறப் பேச்சிலும் மெட்டிலும் சுப்பு எழுதிய கதைப்பாட்டுகள் உண்மையிலேயே புதுமையானவை, சினிமாவில் கிடைத்த வெற்றி அந்த எழுத்தை மறைத்துவிட்டது என்று நினைத்தவர்களும் உண்டு என்கிறார் அசோகமித்திரன்.

எனக்கு அங்கேதான் சுருக்கென்றது. ஏன்னா, அந்தக் கதைப்பாட்டில் ஒன்று எங்க வீட்டிலேயே இருந்தது. அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல ஆளைப் பற்றிக் கொஞ்சம்.

சுப்பு பிறந்தது 1910 நவம்பர் 10. சொந்த ஊர் கன்னாரியேந்தல். பிழைக்க வந்த இடம் நம்ம கொத்தமங்கலம். அந்த ஊர்ப் பெயர்தான் கடைசி வரைக்கும் ஒட்டிக்கொண்டது. கல்லூரி வாசலை மிதிக்காதவர் (இங்கே நாலு வருஷம் படிச்சும் லெட்டர் எழுதத் தடுமாறுகிறோம்!). நாடகம், சினிமா என்று போய் ஜெமினியில் சேர்ந்தார். நடித்தார், கதை எழுதினார், பாட்டு எழுதினார், டைரக்ட் செய்தார். ஆர்.கே.நாராயண் கதையில் வந்த 'மிஸ் மாலினி' (1947) இவர் டைரக்ஷன். பின்னாளில் ஜெமினி கணேசன் ஆனவருக்கு அதுதான் முதல் படம். கே.பி.சுந்தராம்பாள் நடித்த 'ஔவையார்' (1953) இவர் டைரக்ஷன். 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) படத்தில் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடுவாங்களே... ஸ்கூல் ஆண்டு விழா தவறாமல் யாராவது ரெண்டு பேர் ஆடுகிற பாட்டு, அது இவர் எழுதியது. 'கலைமணி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' தொடர் எழுதியதும் இவர்தான். 1971-ல் பத்மஸ்ரீ. 1974 பிப்ரவரி 15-ல் மறைந்தார்.

எங்க ஊர்க்காரனா ஒரு குட்டிப் பெருமை அடிச்சுக்கறேனே! 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' படமானபோது, ஜில் ஜில் ரமாமணியாக வந்து கலக்கினது மனோரமா ஆச்சி. ஆச்சி வளர்ந்தது எங்க பள்ளத்தூரில். கொத்தமங்கலத்துக்காரர் கதை, பள்ளத்தூர்ப் பொண்ணு நடிப்பு. ரெண்டு ஊரும் பக்கம் பக்கம்!

சரி, இப்போ வீட்டுக்குப் போவோம்.

ராத்திரி சாப்பிடும்போது ஃப்ரெண்ட் விடாமல் சுப்பு புராணம் பாடிக்கொண்டிருந்தான். அவர் எழுதிய 'காந்தி மகான் கதை' என்று ஆரம்பித்ததும் எங்க அப்பத்தா நிமிர்ந்து பார்த்தது.

''ஏப்பு, அது உங்க அய்யா பாட்டுல்ல?''

நாங்க ரெண்டு பேரும் திருதிருவென முழித்தோம். அப்பத்தா எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு புத்தகத்தை எடுத்து வந்தது. அட்டை இல்லை. முதல் சில பக்கங்களை ராமபாணம் தின்றுவிட்டது. எழுதினவர் பெயர் எங்கேயும் இல்லை. உள்ளே வரி வரியாகப் பாட்டு. ஓரத்தில் அய்யாவின் பென்சில் கோடுகள்.

கதை இதுதான். 1969-ல் காந்தி நூற்றாண்டு. ஊரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நாலு பேரைச் சேர்த்து வில்லுப்பாட்டு நடத்தியிருக்கிறார். அதில் தலைமைப் பாட்டுக்காரர் எங்க அய்யா! பகலில் கொத்து வேலை, ராத்திரி ஒத்திகை. ஒத்திகையெல்லாம் எங்க வீட்டுத் திண்ணையில். அப்பத்தா மேடையே ஏறியதில்லை. கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பின்பாட்டு மட்டும் பாடிப் பாடிப் பழகிவிட்டது.

வில்லுப்பாட்டை டி.வி-யில் மட்டும் பார்த்தவங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நெல்லை, குமரி பக்கத்துக் கோயில் கொடைகளில் வளர்ந்த கலை அது. மணி கட்டின பெரிய வில், அதைத் தட்டுகிற வீசுகோல், பக்கத்தில் குடம், உடுக்கை, தாளம். நடுவில் இருப்பவர் கதையைப் பாடிச் சொல்லுவார். கூட இருப்பவர்கள் கடைசி அடியை வாங்கிப் பாடுவார்கள். நடுநடுவே 'ஆமா' போடுவார்கள். அந்த 'ஆமா'வில்தான் விஷயமே இருக்கு. கேட்கிறவனைத் தூங்கவிடாது. 'நீயும் கதைக்குள்ளே வா'ன்னு கையைப் பிடிச்சு இழுக்கும். சாமி கதை சொன்ன அந்த வில்லில் காந்தி கதையை ஏற்றி, தானே மேடை மேடையாகப் பாடினவர் சுப்பு.

கதைப்பாட்டு நம்ம மண்ணுக்குப் புதுசு இல்லை. 1801-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கில் போட்டார்கள். அந்தக் கதையைச் 'சிவகங்கைச் சரித்திரக் கும்மி', 'சிவகங்கை அம்மானை' என்று பாட்டாக்கி வைத்தது இந்தச் சீமை. எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு அதுதான் ஹிஸ்டரி புக். சுப்பு அதே வழியில் போனார். பாரிஸ்டர், தென்னாப்பிரிக்கா, சத்தியாகிரகம் என்று பெரிய மனுஷர்கள் பேசிக்கொண்டிருந்த விஷயத்தை, நாற்று நடுகிறவர்களுக்குப் புரிகிற பேச்சில், அவர்கள் வாயில் நிற்கிற மெட்டில் போட்டார்.

அது நின்றதா? எங்க அப்பத்தாதான் சாட்சி. அப்பத்தாவுக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது. ஆனால் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட கதையைச் சொல்லும்போது, என்னமோ அதே பெட்டியில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த மாதிரி கோபப்படும். 1893, பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று நானும்தான் மனப்பாடம் பண்ணினேன். பரீட்சை முடிஞ்சதும் எனக்கு மிச்சம் இருந்தது வருஷமும் ஊர்ப் பெயரும் மட்டும். அப்பத்தாவுக்குக் கோபம் மிச்சம் இருக்கு.

''பாடு அப்பத்தா''ன்னு ரெண்டு பேரும் கெஞ்சினோம். செல்போனில் ரெக்கார்டரை ஆன் பண்ணி வைத்தோம். அப்பத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தது. ரெண்டு அடி வந்தது. நின்றது. நடுவில் ஒரு அடி வந்தது. மறுபடி நின்றது.

''எனக்குப் பின்பாட்டுதானப்பு தெரியும். முன்பாட்டு உங்க அய்யாவுக்குத்தான் தெரியும்.''

அய்யா இறந்து ஒன்பது வருஷமாச்சு.

நான் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட். பேக்கப் எடுக்காத ஹார்ட் டிஸ்க் போனால் என்ன ஆகும்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அய்யா இருந்தவரை ஒரு நாள்கூட நான் அவரைப் பாடச் சொல்லிக் கேட்டதில்லை. அவர் பாடுவார்னே எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஃப்ரெண்ட் புத்தகத்தை என் கையில் கொடுத்து, ''நீ படி. பாட்டி பின்பாட்டுப் பாடட்டும்'' என்றான். எனக்கு ராகமும் வராது, தாளமும் வராது. லேப் ரெக்கார்டு வாசிக்கிற மாதிரி வாசித்தேன். நாலு அடி தாண்டியதும் அப்பத்தா, ''அப்படியில்ல, இழுத்துச் சொல்லு'' என்று திருத்தியது. பத்து அடி தாண்டியதும் அதுவே கையால் தரையில் தாளம் போட்டது. நான் முடிக்கிற இடத்தில் சரியாக வாங்கிப் பாடியது. 'ஆமா' போட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேல ஆகியும் ஒரு 'ஆமா'கூட இடம் மாறலை ஃப்ரெண்ட்ஸ்!

முடிந்ததும், ''இதை எழுதினவர் யாரு தெரியுமா அப்பத்தா? கொத்தமங்கலம் சுப்பு''ன்னேன்.

''அப்படியா? பாட்டைத்தான் தெரியும். பேரை யாரு கேட்டா?''

யோசிச்சுப் பார்த்தா, நாட்டுப்பாட்டுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாதுன்னும் சொல்லலாம். பாட்டு ஊரோட சொத்தாயிடுச்சு, பேரு எதுக்கு? ஆனாலும் எனக்கு மனசு ஆறலை. கண்ணதாசனுக்குக் காரைக்குடியில் மணிமண்டபம் இருக்கு. பஸ் ஏற இறங்க அந்தப் பெயர் கண்ணில் படும். சுப்பு மாதிரி ஆட்களுக்கு இருக்கிற மண்டபம் அப்பத்தா மாதிரி ஜனங்களோட ஞாபகம்தான். அதுக்குக் காவல்காரன், பராமரிப்பு எதுவும் கிடையாது. படிக்கத் தெரியாத ஒருத்தி, படிக்க முடியாத ஒரு புத்தகத்தை இத்தனை வருஷமா மஞ்சள் துணியில் சுத்தி வெச்சிருந்தா, அந்தப் பாட்டு மேல எவ்வளவு பிரியம் இருக்கணும்! அந்தப் பிரியத்துக்கு எழுதினவர் பேரைச் சொல்ல வேண்டியது படிச்ச நம்ம வேலை.

அதனால இந்த வாரம் உங்களுக்கு ஒரு அசைன்மென்ட். (இன்டர்னல் மார்க் கிடையாது!) இந்த சண்டே உங்க வீட்டுப் பெரியவங்க பக்கத்தில் உட்காருங்க. அவங்களுக்குத் தெரிந்த கதைப்பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லுங்க. நல்லதங்காளோ, தேசிங்குராஜனோ, காந்தியோ... எதுவா இருந்தாலும் ரெக்கார்ட் பண்ணுங்க. பின்பாட்டு மட்டும் தெரிந்தாலும் பரவாயில்லை, வாங்கி வெச்சுக்குங்க. அப்புறம் லைப்ரரிக்குப் போய் அதை எழுதினது யாருன்னு தேடுங்க. கிடைச்சா, அந்தப் பெயரை அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க.

நாங்க கிளம்பின அன்னிக்கு, புத்தகத்துக்குப் பழுப்பு பேப்பரில் அட்டை போட்டேன். மேலே பெரிய எழுத்தில் 'காந்தி மகான் கதை - கொத்தமங்கலம் சுப்பு' என்று எழுதினேன். கீழே சின்னதாக 'பாடியவர்' என்று எங்க அய்யா பெயர். அப்பத்தா வாங்கி எழுத்தைத் தடவிப் பார்த்தது.

''என் பேரை எழுதலையாப்பு?''

எழுதிட்டேன் ஃப்ரெண்ட்ஸ், பின்பாட்டுன்னு போட்டு!