முத்திரை மட்டும் போதுமா?

பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் சாலையில் உள்ள பிடதியில்தான் நித்யானந்தாவின் ஆசிரமம் இயங்கியது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே நாட்டைவிட்டு வெளியேறிய அவர், 2019-இல் 'கைலாசா' என்றொரு தனி நாட்டை அறிவித்தார். கொடியும் கடவுச்சீட்டும் அமைச்சகங்களும் தோன்றின. 2020 விநாயகர் சதுர்த்தியன்று 'ரிசர்வ் வங்கி'யும் தங்க நாணயங்களும் அறிவிக்கப்பட்டன. உலக வரைபடத்தில் காட்டுவதற்கு நிலம் மட்டும் இல்லை.

பட்டம் பெற்றவர்கள் பலர் இதன் பின்னே சென்றிராவிடில் நாமும் நகைத்துவிட்டுக் கடந்திருப்போம். அன்பர்கள் மட்டுமா? 2023 ஜனவரியில் அமெரிக்காவின் நியூவார்க் மாநகராட்சி கைலாசாவுடன் சகோதர நகர ஒப்பந்தம் செய்து, சில நாள்களிலேயே அதை விலக்கிக்கொண்டது. அவ்வாண்டின் இறுதியில் பராகுவே வேளாண் அமைச்சக உயரதிகாரி ஒருவர் இதே 'நாட்டுடன்' ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பதவியை இழந்தார்.

கல்வி ஏன் இவர்களைக் காக்கவில்லை? கல்வியே அவர்களைச் சறுக்கிவிட்டது என்று கருதுகிறோம். பிறப்புச் சான்றிதழ், பட்டம், பணி ஆணை, வீட்டுப் பத்திரம் எனப் படித்தவரின் வாழ்க்கையை நகர்த்துவது தாள்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒரு தாளைக் கண்டால், "இதைக் கொடுத்தது யார்?" என்று கேட்பார். நாமோ அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தொடங்குகிறோம். பிரிவு எண்ணும் முத்திரையும் இருந்தால் மனம் பாதி இணங்கிவிடுகிறது.

நம் கையிலுள்ள ரூபாய் நோட்டையே பாருங்கள். அதன் மதிப்பு அச்சின் அழகில் இல்லை. வங்கி நோட்டு வெளியிடும் தனியுரிமையை 1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம், 22-ஆம் பிரிவில், ரிசர்வ் வங்கிக்கு அளித்திருக்கிறது. அச்சட்டத்தை நடைமுறைப்படுத்த ஓர் அரசும் நீதிமன்றங்களும் உள்ளன. கைலாசாவின் நாணயத்திற்குப் பின்னே அத்தகைய எதுவும் இல்லை.

கைலாசா காட்டியது கனவை. இதே தாள் மயக்கத்தை அச்சத்தோடு கலந்து தருவதே 'டிஜிட்டல் கைது'. நீதிமன்ற முத்திரையிட்ட ஆணையைக் கைபேசித் திரையில் காட்டி மிரட்டும் இந்த மோசடியில், பெங்களூருவின் மென்பொருள் வல்லுநர்களே கோடிக்கணக்கில் இழந்திருக்கிறார்கள். காணொளி அழைப்பில் ஒருவரைக் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. விசாரணைக்காகச் சேமிப்பை வேறொரு கணக்கிற்கு மாற்றச் சொல்லும் அதிகாரமும் எந்தக் காவல் அதிகாரிக்கும் கிடையாது. அத்தகைய அழைப்பு வந்தால் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கிளைக்கு வாருங்கள். பணம் போய்விட்டதெனில் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தொகை அடுத்த கணக்கிற்குத் தாவுமுன் அதை முடக்க முடிந்தால் மீட்க வழியுண்டு.